சிலந்தி வலை கட்டிய வளை

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரிக்கரையை ஒட்டி இருளர் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை. விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அறுவடை முடிந்த வயலில் அடித்தாள் மட்டும் பனியில் நனைந்து நின்றது. முன்னால் ஆயா நடந்தார். கையில் குட்டைக் கடப்பாரை, இடுப்பில் சுருக்குப்பை. பின்னால் அவருடைய பேரன், ஆறாம் வகுப்பு படிக்கிறான். கடைசியில் நான்.

இது என்ன, அது எதற்கு என்று நான்தான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பையன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆயாவும் அவனுக்கு எதையும் சொல்லவில்லை. அவர் நின்றால் அவனும் நின்றான். அவர் குனிந்து வரப்பைப் பார்த்தால் அவனும் குனிந்தான். அரை மணி நேரம் இப்படியே போனது. எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க அவனுக்கு ஒண்ணும் சொல்லித் தரலியா?" என்றேன். ஆயா என்னை விநோதமாகப் பார்த்தார். "கூடத்தானே வர்றான்" என்றார்.

ஒரு வரப்பின் அடியில் வளை. வெளியே புது மண் சிதறிக் கிடந்தது. பையன் முகம் மலர்ந்தது. "எலி கீது ஆயா" என்றான். ஆயா மறுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. கடப்பாரையை அவன் கையில் கொடுத்துவிட்டு வரப்பின்மேல் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். அவன் தோண்டினான். ஈர மண்தான், ஆனாலும் வரப்பு மண் இறுகியிருந்தது. அரை மணி நேரம் கழித்து, முழங்கை வரை சேறாகி, வளையின் முடிவுக்கு வந்தபோது உள்ளேயிருந்து ஒரு தேரை எட்டிப் பார்த்தது. எலியும் இல்லை, எலி சேர்த்து வைத்த கதிரும் இல்லை.

பையன் ஆயாவைப் பார்க்கவில்லை. தன் விரலைத்தான் பார்த்தான். சுண்டுவிரலில் நரைமுடி போல ஒரு நூல் ஒட்டியிருந்தது. சிலந்தி நூல். வளைக்குள் ஒரு சாண் தள்ளி வலை இருந்திருக்கிறது. எலி போய்வரும் வளையில் சிலந்தி வலை நிற்காது. வாயில் கிடந்த புது மண் எலி தள்ளியதல்ல, ஏதோ நாய் பறண்டிப் போட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவனுக்கு அந்த நூலைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று ஆயாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மறந்துடுவான். தோண்டினா கை நோவுது இல்ல? மறக்க மாட்டான்."

இருளர் பிள்ளைகள் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட முறை இதுதான். பாடம் என்று தனியாக ஒன்று கிடையாது. கைக்குழந்தை இடுப்பில் வரும். நாலைந்து வயதானால் தோண்டிய மண்ணிலிருந்து உதிர்ந்த நெல் கதிர்களைப் பொறுக்கும். வரப்பு எலி தன் வளைக்குள் கதிர்களைக் கத்தை கத்தையாகச் சேர்த்து வைக்கும். அதைக் கண்டெடுத்தால் குடும்பத்துக்கு இரண்டு நாள் சோறு. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் புகைச் சட்டியைத் தூக்கிவரும் வேலை. அடியில் துளையிட்ட மண்சட்டியில் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, சட்டியின் வாயை வளையோடு ஒட்டவைத்து, துளை வழியாக ஊதினால் புகை வளைக்குள் போகும். எலி எந்தப் பக்கம் வெளியேறும் என்று பார்த்து அந்தத் துவாரத்தை அடைத்து நிற்பது பிள்ளைகளின் காவல். சின்னக் கைக்குச் சின்ன வேலை, ஆனால் அது உண்மையான வேலை. பிள்ளை அசந்தால் எலி ஓடிவிடும், இரவுச் சாப்பாட்டில் குறையும்.

பழைய முறை என்பதற்காக அதில் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சட்டியை ஊதி ஊதி உதடு வெந்தவர்கள், நெஞ்சில் புகை ஏறி இருமியே காலம் தள்ளியவர்கள் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்னால் சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று கையால் சுற்றும் இரும்புப் புகைக்கருவியைச் செய்து கொடுத்தபோது இருளர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். கருவி மாறியது. வளையைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் கண் மாறவில்லை. அந்தக் கண்ணைத்தான் எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் செய்து கொடுக்க முடியாது.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் எலி வளையிலேயே குடியிருக்கும். ஆகவே எலி பிடிக்கப் போகும் பிள்ளை எலியோடு பாம்பையும் படித்துவிடுகிறது. மணல் தரையில் சுருட்டைவிரியன் பக்கவாட்டில் தூக்கித் தூக்கி வைத்துப் போகும். அதன் தடம் ஒன்றோடொன்று சேராத சாய்ந்த கோடுகளாக இருக்கும். கண்ணாடிவிரியன் பருத்த உடம்பு. அவசரமில்லாமல் ஊர்ந்த இடத்தில் தடம் அகலமாக, அநேகமாக நேராகப் போகும். நல்ல பாம்பின் தடம் வளைந்து நெளியும். தடத்தின் ஓரம் கூர்மையாக இருந்தால் இப்போதுதான் போயிருக்கிறது. காற்றில் ஓரம் மழுங்கி, மேலே எறும்பு போன கோடு குறுக்கே விழுந்திருந்தால் இரவிலேயே போய்விட்டது. வளை வாசலில் அடிப்பக்கம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அங்கே எலிக்குப் பதிலாக வேறொருவர் குடியிருக்கிறார். வெளியே சுண்ணாம்புத் துண்டு போல வெள்ளை எச்சம் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

எழுதும்போது இவை ஏழெட்டு வாக்கியங்கள். ஒரு மாணவன் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் இவற்றைப் படித்துவிட்டு அந்த வயலில் இறங்கிய எனக்கு ஒரு தடம்கூடக் கண்ணில் படவில்லை. ஆயா கடப்பாரை நுனியால் தொட்டுக் காட்டிய பிறகும் எனக்கு அது வெறும் மண்ணாகத்தான் தெரிந்தது.

இந்த அறிவு எவ்வளவு பெரியது என்பதை உலகம் ஒருமுறை கண்ணால் பார்த்தது. அமெரிக்காவின் புளோரிடாவில், எவர்கிளேட்ஸ் சதுப்புக்காட்டில், பர்மிய மலைப்பாம்புகள் பெருகிவிட்டன. வளர்ப்புப் பிராணியாகக் கொண்டுவரப்பட்டு, வெளியே விடப்பட்டவையும் தப்பியவையும் பெருகிய கூட்டம் அது. அங்கிருந்த நடுத்தர அளவுப் பாலூட்டிகள் பலவற்றை ஏறக்குறைய துடைத்துவிட்டன. 2016-ல் அந்த மாநிலம் ஒரு போட்டி வைத்தது. ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மாதம் தேடி 106 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு இருளர்கள் போனார்கள்: மாசி சடையன், வடிவேல் கோபால். இருவருக்கும் ஐம்பது வயது தாண்டியிருந்தது. அந்த நிலமும் புதிது, அந்தப் பாம்பும் புதிது. பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் உடன் போனார்கள். முதல் எட்டு நாளில் 13 பாம்புகள். அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு.

உள்ளூர் வேட்டைக்காரர்கள் சாலையோரமும் கால்வாய்க்கரையும் பார்த்து வந்தார்கள், பாம்பு வெயில் காய வெளியே வரும் என்று. இவர்கள் இருவரும் நேராக அடர்ந்த புதருக்குள் இறங்கினார்கள். இரும்புக் கம்பியால் நாணல் குவியலைக் குத்தி விலக்கிக்கொண்டு, மேடான இடங்களைத் தேடிப் போனார்கள். புளோரிடாவின் தாவரங்களை யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. பாம்பு எங்கே படுக்கும் என்று பாம்பின் பக்கத்திலிருந்து யோசிக்கத் தெரியும். அது தந்தையோடு நடந்த நடையில் வந்தது. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது நாடு இருந்த நிலை வேறு. அப்போது இருளர்கள் பாம்பைப் பிடித்தது தோலுக்காக. தோல் வியாபாரிகள் வாங்கிக்கொள்வார்கள், அது வெளிநாட்டுக்குப் போய்ப் பையும் செருப்புமாகும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்புகளைக் காக்க வேண்டியிருந்தது, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரே இரவில் ஒரு சமூகத்தின் பிழைப்பு குற்றமாகிவிட்டது. அப்பன் செய்த தொழிலைப் பிள்ளை செய்தால் வழக்கு. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய்க் கொத்தடிமையாகச் சிக்கியவர்கள் பலர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ ஆண்டுகள் இருளர் குடும்பங்கள் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் மீட்கப்பட்டுக்கொண்டே இருந்தன. சூளையில் மண் பிசையும் பிள்ளைக்குத் தடம் பார்க்க எங்கே நேரம்?

வழி ஒன்று பிறந்தது 1978-ல். பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இன்றும் இருக்கிறது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுப்பது என்பது ஏற்பாடு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நான்கு வகை. பாதி மணல் நிரப்பி, வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் அவற்றை வைத்திருப்பார்கள். சில வாரங்கள், வாரத்துக்கு ஒருமுறை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வைத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அடையாளம் ஆறும்வரை அதே பாம்பு திரும்ப அகப்பட்டால் தெரிந்துவிடும்.

அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து வருகிறது. உலர்த்திய விஷத்தை மருந்து நிறுவனங்கள் வாங்கிக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கின்றன. பல பத்தாண்டுகளாக இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்குப் பெரும் பங்கு விஷம் போனது வடநெம்மேலியிலிருந்து. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். உயிர் பிழைத்தவர்களில் எத்தனையோ பேரின் நரம்பில் ஏறிய மருந்துக்குப் பின்னால், பெயர் தெரியாத ஓர் ஆயா தன் பேரனுக்கு வாய்திறவாமல் கற்றுக்கொடுத்த காலை நேரம் இருக்கிறது. நம் மருத்துவத்துறையின் இத்தனை முக்கியமான ஒரு கண்ணி இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குவது எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

விஷம் ஊருக்கு ஊர் மாறுபடும், ஒரே வகைப் பாம்பாக இருந்தாலும் தமிழ்நாட்டு விஷத்தில் செய்த மருந்து வேறு மாநிலத்தில் அதே அளவு வேலை செய்யாமல் போகலாம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தந்த வட்டாரத்திலும் விஷம் சேகரிக்க வேண்டும். அதற்குத் தடம் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இன்னும் நிறைய வேண்டும். இருப்பவர்களின் பிள்ளைகளே கற்க முடியாத நேரத்தில் இந்தத் தேவை வந்து நிற்கிறது.

அன்று அதை நேரிலேயே பார்த்தேன். இரண்டாவது வரப்பில் ஆயா நின்றார். பழைய எலி வளை. பையன் இந்த முறை அவசரப்படவில்லை. மண்டியிட்டு, கன்னம் தரையில் படும்படி சாய்ந்து உள்ளே பார்த்தான். வாசலின் அடிப்பக்கத்தை விரலால் தடவினான். மோந்து பார்த்தான். பிறகு எழுந்து ஓரடி பின்னால் வந்தான். "எலி இல்ல. அது கீது" என்றான். விஷப்பாம்பின் பெயரை அவன் சொல்லவில்லை. ஆயா உட்காரவில்லை, வெற்றிலையையும் எடுக்கவில்லை. நடக்கத் தொடங்கினார்.

"பிடிக்கலியா?" என்றேன். அவர் சங்க உறுப்பினர், ஆளும் கைதேர்ந்தவர்.

"இந்த வருசத்து பர்மிட் இன்னும் கைக்கு வரல."

எந்தப் பாம்பை, எத்தனை, எந்த மாதத்தில் பிடிக்கலாம் என்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். இருக்க வேண்டியதுதான். ஆனால் அனுமதி தள்ளிப்போகும் ஒவ்வொரு பருவத்திலும் பேரனுடைய பாடம் பாதியில் நின்றுபோகிறது. வளையைப் படிக்கும் வரை அவன் வந்துவிட்டான். அதற்கு அடுத்தது மண்ணை எப்படித் தளர்த்துவது, முதலில் தெரியும் ஒரு விரல் அளவு உடம்பைப் பார்த்துத் தலை எந்தப் பக்கம் என்று எப்படி அறிவது, வாலை எப்போது பற்றுவது, எப்போது விட்டுவிட்டு விலகுவது. ஆயா செய்வதை அவன் பக்கத்தில் நின்று நூறு முறை பார்க்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக 18 வயது ஆக வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளை பாம்பைத் தொட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. பார்க்கவாவது வேண்டுமே. பதினெட்டில் உரிமச் சீட்டு கையில் வரும்போது கண்ணும் கையும் தயாராக இல்லையென்றால், அந்தச் சீட்டு அவன் உயிருக்கே ஆபத்து.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை, செல்போனே கதி என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. அந்தப் பையனுக்கு ஆர்வம் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை விடியலில் சேற்றில் நின்றவன் அவன். குறைந்திருப்பது நடக்கும் நிலம். அவன் ஆயா சிறுமியாக நடந்த புதர்க்காட்டில் பாதி இன்று மனைப்பிரிவுக் கற்களாக நிற்கிறது. மகாபலிபுரம் சாலை நெடுக அடுக்குமாடிகள் வந்துவிட்டன. வயல்காரர்கள் எலிக்கு மருந்து வைக்கிறார்கள், மருந்து தின்ற எலியைச் சாப்பிட முடியாது. மிச்சமிருக்கும் காப்புக்காட்டில் சுள்ளி பொறுக்கப் போனாலே விசாரிப்பார்கள். 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் மரபறிவின் மீது அவர்களுக்கே உரிமை உண்டு என்று எழுதி வைத்திருக்கிறது. சமவெளியில் துண்டு துண்டாகச் சிதறி வாழும் இருளருக்கு அந்த எழுத்து இன்னும் சோறாகவும் நிலமாகவும் மாறவில்லை.

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளில் இருளரும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் அவர்கள் 1 லட்சத்து 89 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் எத்தனையோ குடும்பங்களில் இப்போதுதான் முதல் பிள்ளை பள்ளிக்குப் போகிறது. ஒரு சாதிச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகள் அலைந்த பெற்றோர் இருக்கிறார்கள். திண்டிவனம் பக்கத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் அந்தச் சான்றிதழுக்காகவும் காவல் நிலையக் கொடுமைகளுக்கு எதிராகவும் எத்தனை போராட்டம் நடத்த வேண்டியிருந்தது! எழுதப் படிக்கத் தெரியாததால் பொய்க் கடனில் கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இவர்களைப் போய், பள்ளியை விட்டுவிட்டு மரபைக் காப்பாற்று என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? அவன் படிக்கட்டும், கல்லூரிக்கும் போகட்டும். வகுப்பில் அவன் விலங்கியல் படிக்கும்போது, ஆயா அறிந்ததும் விலங்கியல்தான் என்று யாராவது அவனிடம் சொன்னால் போதும்.

வேலைக்கு நடுவே கற்பது இருளருக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. சுவாமிமலை ஸ்தபதி வீட்டுப் பிள்ளை மெழுகு பிசைந்துதான் தொடங்குகிறான். தென்னை ஓலை நறுக்கை மடித்து உருவத்துக்கு அளவெடுப்பதை அப்பா செய்யச் செய்யப் பார்க்கிறான். கச்சான் எப்போது திரும்பும், வாடை எப்போது இறங்கும் என்று கடற்கரைப் பிள்ளை கட்டுமரத்தில் உட்கார்ந்து தோலில் உணர்கிறான். ஆனால் ஸ்தபதிக்குப் பட்டறை அவருடையது, சிலைக்குச் சந்தையும் மதிப்பும் உண்டு. அங்கே இந்தக் கண்ணி சுலபத்தில் அறுவதில்லை. இருளருக்குப் பட்டறை அடுத்தவர் வயலும் அரசின் காடும்.

செங்கல்பட்டு அருகே தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் மூலிகைகளை வளர்த்து வருகிறது. காட்டில் பார்த்த செடியைத் தோட்டத்தில் வைத்து, பேத்தியோடு உட்கார்ந்து இலை ஆயும் பெண்களுக்கு அது தங்களுக்கென்று ஓரிடம். (பாம்பு கடித்தால் மூலிகையை நம்பி நேரம் கடத்தக் கூடாது, உடனே மருத்துவமனைதான். பாம்பு பிடிக்கும் இருளர்களே அதைத்தான் செய்கிறார்கள்.) மூலிகைக்கு ஒரு தோட்டம் போட முடிந்தது. தடத்துக்குத் தோட்டம் போட முடியாது. அதற்குப் புதரும் வரப்பும் மணலும், அவற்றின் குறுக்கே தடையின்றி நடக்கும் உரிமையும் வேண்டும்.

எல்லாவற்றையும் காணொளி எடுத்துச் சேமித்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். அந்தக் காலையை நானும் செல்போனில் எடுத்தேன். திரும்பி வந்து போட்டுப் பார்த்தபோது ஆயா நடப்பது தெரிந்தது, நிற்பது தெரிந்தது. எதைப் பார்த்து நின்றார் என்பது அதில் இல்லை.

வெயில் ஏறியதும் ஏரிக்கரை வழியாகத் திரும்பினோம். எலி மூன்று கிடைத்திருந்தது. அடுத்த நாள் பள்ளியில் தேர்வு இருப்பதாகப் பையன் சொன்னான், அன்று முழுக்க அவனே என்னிடம் பேசிய ஒரே பேச்சு அதுதான். கடப்பாரை இப்போது அவன் தோளில் இருந்தது, அவன்தான் முன்னால் போனான். கரை மணலில் ஓரிடத்தில் சட்டென்று நின்றான். பின்னால் ஆயாவும் நின்றார், அவருக்குப் பின்னால் நானும். அவன் குனிந்து பார்த்தான். நான் பார்த்தேன், மணல்தான்.

"சாரை" என்றான். "ராத்திரியே பூடுச்சி."

ஆயாவின் கை சுருக்குப்பை பக்கம் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. அவனைத் தாண்டி நடந்தார்.